செங்கை டீம்

— சிரிக்காத பூமாரி. என் மானத்தையே வாங்கிட்டு, சாயப்பட்டறையில நின்னு சிரிக்கியே!

— நான் எங்க சிரிச்சேன், பெத்துராஜண்ணே? கேப்டன்னு சொல்லி எங்க அண்ணன் வேல்சாமிய டீமை விட்டுத் தொரத்துன அன்னைக்கு நீங்க சிரிச்சிய. அது இன்னும் என் காதுல கெடக்கு.

— அந்தப் பேச்ச விடு. பனியனுக்குச் செவப்பு முக்கிக் குடுன்னு தந்தா, இப்படியா முக்குவ?

— எப்படி முக்குனேன்? வெவரமாச் சொல்லுங்க.

— தெரியாத மாதிரி கேக்கா பாரு! ஞாயித்துக்கெழம கபடி ஆட்டத்துல குருவிகுளத்துக்காரன் பாடி வந்தான். என் வெலாவுல கைய வச்சிட்டு ஓடுனான். அம்பயர் பாக்கல. அவன் என்னத் தொடவேயில்லன்னு சொன்னேன்.

— சத்தியம் பண்ணுனியளா?

— பண்ணுனேன். நம்ம கோயில் கோமதியம்மா மேல.

— பெறவு?

— பெறவென்ன பெறவு! அவன் கையத் தூக்கிக் காட்டுதான். உள்ளங்கை பூரா என் பனியன் சாயம். சனம் பூரா விசில். மைக்செட்டுக்காரன் வேற, 'செங்கை, செங்கை'ன்னு அலறுதான்.

— உப்பும் சோடாவும் போட்டாத்தான் சாயம் நிக்கும். ரெண்டையும் போடல.

— மறந்துட்டியா?

— மறப்பனா? வேர்வை பட்டா ஒழுகணும்னுதான் போடல.

— அடிப்பாவி!

— போன தபசுத் திருவிழா ஆட்டத்துலயும் இப்படித்தான உங்களைத் தொட்டுட்டுப் போனான்? எங்க அண்ணன் பக்கத்துல நின்னு பாத்தான். அம்பயர் கேட்டதுக்கு, 'ஆமா, தொட்டான்'னு சொன்னான்.

— சொந்த டீமைக் காட்டிக் குடுத்தாம்லா? கைக்கு வந்த கப்பு போச்சு.

— அதுக்கு? பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேர் பாக்கச் செருப்பால அடிப்பியளோ? மிசா ஜெயில்ல போட்ட மாதிரி வீட்டுக்குள்ளயே கெடக்கான் எங்க அண்ணன். டீக்கடைப் பக்கம் போனா, 'துரோகி வாரான்'ங்கானுவ. ஒவ்வொரு தடவ நூலைச் சாயத்துல முக்கும்போதும் உங்க தலையத்தான் முக்குதேன்னு நெனச்சுக்கிடுவேன்.

— ஆத்தாடி, இம்புட்டு வன்மமா! சரி, தீந்துச்சா?

— எங்க தீர?

— தீராது. நீ நெனச்ச மாதிரி நான் ஒண்ணும் அழிஞ்சு போகல. நாலு நாளா வெளிய தல காட்டலதான். ஆனா பால்காரன் வந்து சொல்லுதான், பனவடலிசத்திரம் வரைக்கும் செங்கை டீமுங்கதுதான் பேச்சாம். வருத்தத்துலயும் ஒரு யோசனை வந்துச்சு. இனிம நம்ம டீமுக்குப் பேரே செங்கை.

— அப்போ பனியன்ல இருக்க சிங்கப் படம்?

— சிங்கத்த எவன் பாத்தான்? எடுத்துரு. வெள்ளைப் பனியன், நெஞ்சுல செவப்பா ஒரு உள்ளங்கை. இந்தத் தடவ உப்பைப் போடு தாயி.

— வெக்கமா இல்லையாண்ணே?

— பேரு வந்தாச் சரி. எப்படி வந்துச்சுன்னு பெறவு எவன் கேக்கப் போறான்? எப்பத் தருவ?

— எல்லாம் போட்டு முடிச்சாச்சு.

— இப்பத்தானட்டி சொல்லுதேன்!

— டீம் பயலுவ திங்கக்கெழம காலையிலயே வீட்டுக்கு வந்துட்டானுவ. 'நீ அன்னைக்குச் சொன்னதுதான் நெசம்'னு அண்ணன் கால்ல விழாத கொறைதான். பேரு, கை, கலரு எல்லாம் அவனுவளே சொல்லிட்டானுவ.

— என்கிட்ட ஒருத்தனும் மூச்சு விடலையே! சரி, கேப்டன் பனியனை எடு. போட்டுப் பாக்கேன்.

— அது உங்களுக்குச் சேராதுண்ணே. எங்க அண்ணன் அளவுக்குத் தச்சிருக்கு.