பைபாஸ் வால்வை மூடியது தொடர்பாக

மேலே எழுதப்பட்டுள்ள பெயரும் தகப்பனார் பெயரும் என்னுடையவை. வயது நாற்பத்து நான்கு. தொழிலாளர் குடியிருப்பில் இரண்டாம் வரிசைக் கடைசி வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். வாணலிகளுக்கு ஒட்டாத பூச்சு அடிக்கும் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகப் பூச்சு அடிப்பவன். எல்லோரும் என்னை ‘ஸ்ப்ரே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

சம்பவத்தன்று காலை பத்து மணிக்கு மருத்துவர் என் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினார். அவளுக்கு ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. எங்கள் பூச்சில் சேர்க்கிற அழியாத ரசாயனம் அவள் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருப்பதாகவும், குடியிருப்பின் போர்வெல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றும், கொதிக்க வைத்தாலும் அது போகாது என்றும் சொன்னார். இரண்டு வருடமாக அவளுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தவன் நான்.

அதன் பிறகு நேராகத் தொழிற்சாலையின் கழிவுநீர் அறைக்குப் போனேன். ரசாயனத்தைப் பிடித்து வைக்கும் கரித்தொட்டிக்குள் போகாமல், கழிவுநீர் பைபாஸ் குழாய் வழியாகக் குடியிருப்பின் போர்வெல்லை ஒட்டிய ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே ஃபிட்டராக இருக்கும் என் மனைவியின் தம்பி நின்றிருந்தான்.

“கரி செத்து ஆறு மாசம் ஆச்சு மாமா. புதுசு வர்ற வரைக்கும் திறந்து வைன்னு மேனேஜர் உத்தரவு. எய்தவன் இருக்க என்னை ஏன் நோகறீங்க?” என்றான்.

“உங்கக்கா குடிக்கிற தண்ணிடா.”

“எம் பொண்ணும் அதத்தான் குடிக்கிறா. வேலை போச்சுன்னா அதுவும் கிடையாது.”

அதன் பிறகு நான் வால்வைத் திருகப் போக, அவன் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து என் முகத்தைக் குழாயில் மோதினான். ஒரு பல் விழுந்தது. அவனுடைய பெட்டியிலிருந்த குழாய் ரெஞ்சை எடுத்து அவன் வலது மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பிடியை விட்டுவிட்டான். அதன் பிறகும் தோளில் ஒரு அடி அடித்தேன். முதல் அடி வால்வுக்காக. இரண்டாவது அப்படியல்ல.

வால்வை மூடியதும் கரித்தொட்டி நிரம்பி எச்சரிக்கை மணி அடித்தது. மேனேஜர் இரண்டு காவலாளிகளோடு வந்தார். அவர்கள் தடியால் அடித்து என்னைக் கீழே தள்ளினார்கள். ரெஞ்சை நான் விடவில்லை. மேனேஜர் வால்வைத் திறக்கச் சொன்னபோது, என் மனைவியின் தம்பி ஊர்ந்து போய் வால்வின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, “முடியாது சார்” என்றான். மேனேஜர் அவனுடைய முறிந்த கையின் மேல் பூட்ஸ் காலை வைத்து மிதித்தார். அவன் “மாமா” என்று அலறினான்.

அதன் பிறகு நான் எழுந்து மேனேஜரின் முகத்தில் ரெஞ்சால் அடித்தேன். நான்கு அடி என்று காவலாளி சொல்வதை நான் மறுக்கவில்லை. தாடை முறிந்து ஒரு கண் போய்விட்டதாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துதான் தெரிந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. வருத்தமும் இன்னும் வரவில்லை.

மறுநாள் என் மனைவி நிலையத்துக்கு வந்து, “அவனுக்கு எந்தக் கை?” என்று மட்டும் கேட்டாள். வலது என்றேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்ததாக அவள் தம்பி மருத்துவமனையில் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். அது பொய். அவனை அடித்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசிக்கக் கேட்டேன். சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)