இரண்டாவது இடத்து மூடி

மேடையில் வீற்றிருக்கும் மெக்கானிக் சங்கத் தலைவர் பரசுராமன் அவர்களே! மறைந்த ராஜமாணிக்கத்தின் படத்துக்கு மாலையோடு வந்திருக்கும் நிர்வாகிகளே! கீழே வெயிலில் நிற்கும் தொழில்காரர்களே! அவர் மகளே, மதிவதனி அம்மா! வணக்கம்.

நான் ஆதிமூலம். செங்கம் ரோட்டில் ராஜமாணிக்கத்துக்கு எதிர் ஷெட். அவருக்கு நான் சிநேகிதன் இல்லை. பதினோரு வருஷம் பேச்சே கிடையாது. "உன் காது பழைய டீசல் என்ஜினுக்குப் போதும்யா. இந்தப் புதுக் காருக்குப் படிச்சுப் பார்க்கிற கண்ணு வேணும்" என்று நாலு பேர் எதிரில் சொன்னார். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் சொன்னது பொய்யா? இல்லையே!

பழைய என்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டு கீழே கிடக்கும். தேய்ந்தால் அதைத் தாங்குகிற புஷ் வளையத்தை மாற்றி ஓட்டிவிடலாம். இப்போது வருகிற காரில் கேம் என்ஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. புஷ்ஷே இல்லை, அலுமினியத்திலேயே சுற்றும். அதை அழுத்திப் பிடிக்கிற மூடிகள் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் கேம் இறுகிவிடும். அதற்குத்தான் ஒவ்வொன்றிலும் அதனதன் இடத்தின் நம்பர் வெட்டியிருக்கிறது. ராஜமாணிக்கம் அவற்றை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்குவார். துணியைத் தாண்டினாலே திட்டுவார். எப்பேர்ப்பட்ட வேலைக்காரர்!

போன கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் என்ன நடந்தது? தலைவரின் மச்சான் கார் அங்கே பிரித்துக் கிடந்தது. கேமைச் சுற்றவைக்கிற பெல்ட் புதிதாக வாங்க ராஜமாணிக்கம் வேலூர் போனார். "நான் வர்ற வரைக்கும் யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கை வைத்தது யார்? மூடிகளை ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் கொட்டிக் கழுவி, கண்டபடி மாட்டி, பழைய பெல்ட்டையே போட்டது யார்? தலைவரே, நீங்கள்தான்!

"வரிசை தப்புதுங்க" என்று கத்தினேன்.

"எழுத்துக் கூட்டத் தெரியாதவன் எனக்குச் சொல்றியா? எல்லாம் ஒண்ணுதான்யா, போ!" என்றீர்களா, இல்லையா?

கார் கீழ்பென்னாத்தூர்கூடப் போய்ச் சேரவில்லை. கேம் இறுகி, பெல்ட் அறுந்து, வால்வெல்லாம் பிஸ்டனில் இடித்து வளைந்தது. மச்சான் வேறு என்ஜின் போட்டுக்கொண்டார். கெட்ட என்ஜின் ராஜமாணிக்கம் ஷெட் மூலையில் விழுந்தது. அவர் வேலை சரியில்லை என்று சங்கம் அவர் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டியது. "என் ஷெட்ல இருந்துதானே வண்டி போச்சு" என்று அவர் வாயை மூடிக்கொண்டார். பழைய கோபத்தில் நானும் மூடிக்கொண்டேன். அது என் குற்றம். அதற்கப்புறம் சாகும்வரை அவரிடம் ஒரு கார் வரவில்லை.

இன்றைக்குப் பேனரில் 'என்ஜின் மேதை' என்று போட்டிருக்கிறதாம். மதிவதனி படித்துச் சொன்னது. நோட்டீஸைக் கிழித்தீர்களா? இன்னும் சுவரில் இருக்கிறது! அப்பா தொழிலை அந்தப் பெண் எப்படி நடத்தும்?

நாளைக் காலை என் வண்டிதான் அந்த ஷெட்டில் முதலில் நிற்கும். ராஜமாணிக்கம் வேலை அங்கே நிற்காது. இது என் சத்தியம்.

இந்தத் துணியில் இருப்பது அந்த என்ஜினின் மூடி. நேற்று ஐந்து பேர் பார்க்க, இரண்டாவது இடத்திலிருந்து கழற்றியது. படிக்காதவன் பேச்சு சபையில் எடுபடாது. நீங்கள் படித்தவர். இந்தாருங்கள், மைக்.

இதில் என்ன நம்பர் வெட்டியிருக்கிறது, தலைவரே? சத்தமாகப் படியுங்கள்.