மெழுகுவர்த்தியின் உயரம்

சைக்கிளில் வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, நீதிபதி அம்மா. சாலை எல்லாருக்கும் பொது. எங்கள் பிரெஞ்சுக் கரையில், கொல்லியூரிலிருந்து ஸ்பெயின் எல்லைவரை கடலை ஒட்டி வளைந்து போகிற அந்தச் சாலையில், ஈஸ்டர் முடிந்ததும் எறும்புச் சாரை போல வர ஆரம்பிப்பார்கள். அக்டோபர் மழை பிடித்தால்தான் நிற்பார்கள். அவர்களால் ஊருக்கு நல்லதுதான். என் தங்கை மகள் மெர்சே அவர்களுக்கு வழிகாட்டியாகப் போய்த்தான் பிழைக்கிறாள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அந்த நாற்றம்தான் எனக்குத் தாங்காது.

நீங்கள் பெர்பின்யான் நீதிமன்றத்திலிருந்து காரில் வந்து இறங்கினீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கூட்டுறவு மது நிலவறை மேட்டின் உச்சியில் இருக்கிறது. அவர்கள் மூச்சு வாங்க ஏறி வாசலில் இறங்குவார்கள். தேங்காய் வாசனை போட்ட வெயில் களிம்பு, அதன் மேல் வியர்வை, அதன் மேல் மறுபடியும் களிம்பு. பகல் முழுக்க உடம்போடு ஒட்டி ஊறிப்போன கால்சட்டை. கையுறையைக் கழற்றி நான் ரொட்டி வைத்திருக்கிற மேசைமேல் போடுவார்கள், அது அழுகிய மீன் போல வீசும். சிலர் சைக்கிளை என் கல் வரப்பில் சாய்த்துவிட்டு, திராட்சைக் கொடிகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்து, அதே கையால் என் கையைக் குலுக்குவார்கள். நானும் சிரித்த முகமாகத்தான் குலுக்கினேன்.

பிறகு துப்பல் வாளி. மதுவை ருசி பார்த்தால் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஐந்து வருடம் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வெயிலிலும் பனியிலும் வெளியே நிறுத்திக் காத்த மதுவை, பல் தேய்த்த தண்ணீர் மாதிரித் துப்புவார்கள். வாளியில் எச்சில் நூல் நூலாக மிதக்கும். மெர்சே அடுத்த வளைவுக்கு அவர்களை ஓட்டிக்கொண்டு போனபின், அதைத் தூக்கிக் கொட்டிக் கழுவுகிறவன் நான்தான். கழுவும்போதெல்லாம் குமட்டும். ஆனாலும் முப்பத்தொரு வருடம் ஒருத்தரையும் கடிந்து பேசியதில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாற்பது குடும்பங்கள் தங்கள் பழத்தை எங்கள் நிலவறைக்குக் கொண்டுவருகின்றன. சாறு பொங்கிக்கொண்டிருக்கும்போதே அதில் சாராயம் விட்டு அடக்கினால்தான் எங்கள் இனிப்பு மது கிடைக்கும். முந்திவிட்டால் வெறும் பாகு, பிந்திவிட்டால் இனிப்பே மிஞ்சாது. அந்த நேரத்தை மூக்குதான் சொல்லும். ஊரில் அது என் மூக்கு. அதற்கு முன் என் அப்பா மூக்கு. தேவாலயத்தில் எனக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் பிப்ரவரியில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது. காபிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவசியமும் படவில்லை. நுரையைப் பார்த்தேன், தொட்டியில் காதை வைத்துக் கேட்டேன், அனுபவத்தை வைத்துச் சமாளித்தேன். போன வருடம் இரண்டு தொட்டிகள் புளித்துப்போயின. அந்த நாற்பது குடும்பங்களில் ஒன்றான பூச் தம்பதியின் பழத்தில் அழுகல் இருந்ததாகச் சொன்னேன். அவர்கள் கேள்வி கேட்கவில்லை. இந்த வசந்தத்தில் கொடியை எல்லாம் பிடுங்கிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வயதானவர்கள், எப்படியும் ஓய்வு எடுக்க வேண்டியவர்கள்தான்.

யோரிஸ் பெல்ஜியக்காரர், அங்கே கெண்ட் நகரத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அறுபத்தைந்து வயதுக்குமேல் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பவர். நான்கு வருடமாக மெர்சேயின் கூட்டத்தோடு செப்டம்பரில் வருவார், ஊரில் மூன்று நாள் தங்குவார். இந்த முறை முதல் நாள் மதியம் முற்றத்தில் எல்லாருக்கும் நெத்திலியும் சுட்ட குடைமிளகாயும் பரிமாறினோம். மெர்சே நெத்திலிக்காக ஒரு கோப்பையில் வினிகர் ஊற்றி வைத்திருக்கிறாள். எங்கள் வினிகரும் மதுவும் ஒரே நிறம். நான் வழக்கம்போல ஒரு கோப்பையை எடுத்தேன், சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டேன். கண் லேசாகக் கரித்தது, வெயில் என்று நினைத்தேன்.

"வாதுமைக்கொட்டை, உலர்ந்த அத்தி, கடைசியில் கொஞ்சம் கடல் உப்பு" என்றேன்.

"மாமா, அது வினிகரு" என்றாள் மெர்சே. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க மாமா இப்படித்தான், முகத்தை மாத்தாம ஆளைக் கவுத்துருவாரு. நீங்க அசந்தா வினிகரையே உங்க தலையில கட்டிருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யோரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த மதுக் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்து, சத்தமில்லாமல் வாளியில் துப்பினார். நான்கு வருடத்தில் அவர் துப்பி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மற்றவர்கள் கலங்கரை விளக்கத்துக்கு மிதித்துப் போனபோது அவர் தனியாக நிலவறைக்கு வந்தார்.

"எப்ப இருந்து?" என்றார்.

"எது?"

"மூக்கு. நான் முப்பத்தஞ்சு வருஷம் அடுப்பு முன்னாடி நின்னவன். எங்க கடையிலயும் ஒருத்தர் இப்படித்தான். ரொட்டி கருகிக்கிட்டிருக்கும், பக்கத்துலயே நின்னு பாட்டுப் பாடிக்கிட்டிருப்பாரு."

நான் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"நேத்து நீங்க ஊத்துனது புளிச்சுப் போச்சு, கல்திரிக். நாப்பது குடும்பம் உங்களை நம்பி இருக்கு. இந்த அறுவடை முடியறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் மெர்சேகிட்ட சொல்லும்படி ஆயிடும்." பிறகு என் தோளில் கை வைத்தார். "ஊர்ல இருக்கற வரைக்கும் நான் வந்து மோந்து சொல்றேன். நமக்குள்ள இருக்கட்டும்."

அந்தக் கையெல்லாம் களிம்பு. அன்று சாயங்காலம் என் சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டேன். பிசுக்கு போனது, நாற்றம் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் சொன்ன உதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாறு பொங்குகிற நாட்களில் கீழ் நிலவறைக்கு மெழுகுவர்த்தி இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் இறங்க மாட்டார்கள். சாற்றிலிருந்து கிளம்பும் வாயு தண்ணீர் மாதிரி, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். அதனால் சுடரை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அணைந்தால் திரும்பிவிட வேண்டும். ஜெபம் கற்பதற்கு முன்னால் நாங்கள் கற்பது அதைத்தான். யோரிஸிடம் மெழுகுவர்த்தியைக் கொடுத்து, "உசத்திப் பிடிங்க, மெழுகு சட்டையில சொட்டிடும்" என்றேன். நல்லவேளை சொன்னீர்கள் என்றார்.

"கடைசித் தொட்டிக்கு அடியில குழாய் இருக்கும். நல்லா குனிஞ்சு மோந்து பாருங்க. அவசரமில்ல."

"நீங்க வரலையா?"

"முட்டி வலிக்குது. படியில உக்காந்திருக்கேன்."

சுடர் கடைசிவரை நன்றாகவே எரிந்தது. சைக்கிள் செருப்பின் அடியில் இரும்புத் துண்டு இருக்கும், அது கல்லில் டக் டக்கென்று போவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஏதோ சரிந்த சத்தம். பிறகு சத்தமே இல்லை. என்னிடம் இரண்டு அத்திப்பழம் இருந்தன, உரித்துச் சாப்பிட்டேன். அதன்பிறகு எழுந்து கத்தினேன். எனக்குக் குரல் கணீரென்று இருக்கும், துறைமுகம்வரை கேட்டிருக்கிறது. எல்லாரும் ஓடிவந்தார்கள். மெர்சே அவருடைய சைக்கிளைத் தானே துடைத்து, பெட்டியில் கட்டி, அவர் மனைவிக்கு அனுப்பினாள்.

போலீஸ்காரர்கள் விபத்து என்றுதான் எழுதிக்கொண்டார்கள். அதோடு விட்டிருந்தால் நான் உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். ஆனால் போன வாரம் வந்த அறிக்கையில், நிலவறைப் பொறுப்பாளரின் அஜாக்கிரதை என்று ஒரு வரி இருக்கிறது. காபிக்கடையில் அதை வாய்விட்டு வாசித்தார்கள். "கல்திரிக்குக்கு வயசாயிடுச்சுடா, மெழுகுவத்தியை எங்க பிடிக்கறதுன்னே மறந்துட்டான்" என்று ஒருவன் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த வரியை நீங்கள் அடித்துவிட வேண்டும், அம்மா. அன்று விடிகாலை ஆறு மணிக்கே காற்றுச் சன்னலைச் சாத்திவிட்டு, மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் அணைந்தது. நிமிர்ந்து நடப்பவன் பிழைப்பான், குனிபவன் எழுந்திருக்க மாட்டான் என்று தெரிந்துதான் அனுப்பினேன். நான் வேலை மறந்தவன் இல்லை. கொலை என்று எழுதுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீங்கள் ஏன் எழுதிய பக்கங்களைப் பின்னால் புரட்டுகிறீர்கள் என்று புரிகிறது. மூக்கு போய் மூன்று வருடம் ஆன ஒருவனுக்கு அந்தக் களிம்பும் வியர்வையும் கையுறையும் எப்படி நாறின என்று கேட்கிறீர்கள். அதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா. மூக்கே இல்லாத எனக்கு அவ்வளவு நாறியது என்றால், அவர்கள் எப்படி நாறியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.