மீன்கொத்தி மணிக்கூடு யாருடையது

மன்னார்க் காற்றில் ஒரு பொருளைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது லேசான வேலையில்லை. தையல் ஊசியொன்றை மேசையில் மறந்துவிட்டால் மூன்றாம் நாள் அது மண்ணிறமாகிவிடும். என்னிடம் கையில் கட்டுகிற மணிக்கூடுகள் ஏழு இருக்கின்றன. ஒன்றில்கூட ஒரு புள்ளித் துரு இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எவ்வளவு கவனமான ஆள் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாக விளங்கும்.

சனூன் ஐயா, பொலிசுக்காரராக நீங்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி. மாதாவுக்கு நேர்ந்த மணிக்கூட்டை, புருஷனுடைய குழியைத் தோண்டி ஏன் களவெடுத்தாய் என்று. முறைப்பாடு கொடுத்தவர் புருஷனுடைய அக்கா, என் மச்சாள் அஞ்சலா. குழியைத் தோண்டியது உண்மை. மணிக்கூடு மாதாவுடையது என்பதுதான் பொய். அதைத் தீர்க்காமல் நான் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன்.

சுவிஸில், மணிக்கூடு செய்கிற ஒரு மலையூரில், முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். அங்கே படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் மணிக்கூட்டுப் பட்டறைகளில் வாழ்ந்தவர்கள். குளிப்பாட்டித் துடைத்து ஊட்டிவிட்டால் மனம் இளகி ஏதாவது தருவார்கள். சிலர் தருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். இருந்திருந்தால் தந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

ஏழிலும் சிறந்தது, முகப்பில் அந்தப் பறவை இருக்கிற மீன்கொத்தி. தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை வளைத்துப் பறவையின் உருவத்தைக் கட்டி, ஒவ்வொரு அறைக்குள்ளும் வர்ணக் கண்ணாடித் தூளைத் தூரிகை நுனியால் நிரப்பி, எண்ணூறு பாகைச் சூட்டில் சுடுவார்கள். ஐந்தாறு முறை சுடவேண்டும். ஒவ்வொரு முறையும் வெடித்துப்போகலாம், வெடித்தால் குப்பை. எனாமல் முகப்பு என்பது அதுதான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பறவையின் கண்ணுக்குள் வெளிச்சம் பட்டதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் யாரோ ஒருவர் அதை வைத்திருக்கிறார். என்னை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் என்னைக் கட்டியிருந்த பஸ்ரியனிடம் என் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் திண்டாடியிருப்பார். குறை சொல்லவில்லை. அவர் தாழ்வுபாட்டு மீன்பிடிகாரர், கடலைப் பார்க்கிற ஆள்.

சென்ற மார்கழியில் வலை இழுக்கும்போது சிப்பி வெட்டி அவருடைய காலில் புண் வந்தது. சீனி வருத்தக்காரர், இன்சுலின் போடுகிறவர், புண் காயவில்லை. காலை எடுக்கவேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர் நேரே மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நேர்ந்துவிட்டார்: கால் சுகப்பட்டால் ஆவணித் திருநாளில் மடு மாதாவுக்கு மீன்கொத்தியைக் கொடுப்பது என்று. அவருடைய கால், என்னுடைய மணிக்கூடு. ஆண்களின் பக்தி பொதுவாக இப்படித்தான்.

"வெள்ளியில ஒரு கால் செய்து வைப்பம். எல்லாரும் அப்பிடித்தானே வைக்கினம்" என்றேன்.

"மாதாவோட பேரம் பேசுறியோ?"

"பேரம் இல்லை. மாதா என்ன மணிக்கூடு கட்டுறவவோ?"

"உன்ர வாய்க்குத்தான் எனக்கு இந்தப் புண்ணே வந்தது."

கதிரையில் இருந்த மச்சாள் சிரித்தார். "அவளுக்கு மணிக்கூட்டில இருக்கிற பட்சத்தில அரைவாசி உன்னில இருந்திருந்தா நீ எப்பவோ எழும்பி ஓடித் திரிஞ்சிருப்பாய், தம்பி."

மச்சாள் சில விஷயங்களில் கூர்மையானவர்.

நீங்கள் முசலி ஆள். உங்கள் பள்ளிவாசல்களிலும் நேர்ச்சை வைப்பார்கள், உங்களுக்கு விளங்கும். கேட்டது கிடைத்தால் நேர்ந்ததைக் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் பாவம். நான் பாவத்துக்குப் பயந்தவள். நேர்த்திக்கடனை மீறச் சொல்லி அவரிடம் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் கேட்டது கிடைக்காவிட்டால் கொடுக்கவேண்டியதில்லை. இவ்வளவுதான் நான் யோசித்தது.

வைகாசியில் புண் காயத் தொடங்கியது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. "உங்கட மனிசி உங்களை வடிவாப் பாத்துக்கொள்ளுறா" என்று டொக்டர் சொன்னாராம். உண்மைதான். இன்சுலின் ஊசியை ஒரு நேரமும் நான் தவறவிட்டதில்லை. காலை ஆறரை, மாலை ஆறரை. அளவு சரி, ஊசி சுத்தம். அந்த மாதம் முதல், புதிதாக வருகிற சீசாக்களை மட்டும் சில நாட்கள் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் வெயிலில் காயவைத்தேன். பிறகு திரும்பவும் பிரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில். எண்ணூறு பாகையில் எனாமல் அழகாகிறது. இன்சுலினோ மன்னார் வெயிலுக்கே பழுதாகிவிடும். எந்தப் பொருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய அடிப்படை அறிவு.

ஆனியில் புண் திரும்பவும் திறந்தது. அவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்.

"ஊசியைச் சரியாத்தானே போட்டனி?"

"ஓம், சரியாத்தான் போட்டனான்."

பொய் சொல்லவில்லை.

ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து, "நீ இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன், அன்ரோனெற்" என்றார். அன்றைக்குத்தான் என் முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அப்போது மூன்றாவது சீசா நடந்துகொண்டிருந்தது. இருபது வருடம் முந்தி அப்படிப் பார்த்திருக்கலாம்.

ஆடியில் கால் கறுத்தது. கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அதோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும். ஆனால் மச்சாள் என் சாவிக்கொத்தை எடுத்து, அலுமாரியைத் திறந்து, கோயில் பாதர் பார்த்துக்கொண்டிருக்க, சவப்பெட்டிக்குள் கிடந்தவருடைய கையில் மீன்கொத்தியைக் கட்டினார். "நேந்த சாமான் இனி வீட்டில இருக்கக் கூடாது. அவன்ர கையோட போகட்டும். தானே கொண்டுபோய் மாதாட்டக் குடுப்பான்" என்றார். சபை விம்மியது. புருஷனுடைய பெட்டிக்கு மேல் குனிந்து வாரை அவிழ்த்தால் பார்வைக்கு நன்றாக இருக்காது. அழுதேன். அன்று நான் அழுத அழுகை முழுக்க உண்மை. ஊரே சாட்சி சொல்லும்.

அவரைப் புதைத்த சேமக்காலை கடலோரத்தில் இருக்கிறது. ஈர உப்பு மண். எனாமலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உள்ளே இருக்கிற பொறி அதிக நாள் தாங்காது. ஆறாம் நாள் மதியம், ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், மண்வெட்டியோடு போனேன். மணல்தானே, ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கும் முடிந்தது. மதிலோரம் இரண்டு கழுதைகள் நின்று பார்த்தன. அவை ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுதிரி கொளுத்த வந்த மச்சாள்தான் ஊரைக் கூட்டினார்.

"மாதான்ர சாமானில கை வைக்கிறியேடி, நீ பொம்பிளையோ?"

மாதாவின் சாமான் என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வைகாசியில் தன் தம்பி தடியில்லாமல் பூசைக்கு நடந்து வந்ததைக் கண்டதாகவும், கால் சுகம், நேர்த்தி பலித்தது, ஆகவே மணிக்கூடு மாதாவுடையது என்றும் மச்சாள் உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். நீங்களும் தலையாட்டினீர்கள். அதனால்தான் இவ்வளவையும் சொல்லவேண்டி வந்தது.

கால் சுகப்படவில்லை, ஐயா. சுகப்படாமல் பார்த்துக்கொண்டவள் நான். பிரிட்ஜில் இன்னும் இரண்டு சீசா இருக்கின்றன, கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதித்துப் பாருங்கள். நான் சொன்னது சரியென்று வந்ததும் மீன்கொத்தியை என்னிடம் தந்துவிடவேண்டும். அதுவரை அதைக் கந்தோர் மேசை லாச்சிக்குள் வெறுமனே போடாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இப்போது எழுதுங்கள். புருஷனைக் கொன்றவள் என்று எழுதினால் நான் கையெழுத்து வைக்கிறேன். கோயில் சாமானைக் களவெடுத்தவள் என்ற வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். நாளைக்கு ஊரில் நான் தலைநிமிர்ந்து நடக்கவேண்டாமா.