காட்டு நெல்லின் கடைசிப் பிடி

விதை உலர்த்தும் அடுப்பில் மத்தியானச் சாப்பாட்டைச் சூடு பண்ணக் கூடாது என்று ஆய்வகத்தில் எல்லோரிடமும் சண்டை போட்டவன் நான். முதுகுக்குப் பின்னால் என்னை 'மாமியார்' என்பார்கள். ஒழுங்கு பார்த்தால் அப்படித்தான் பேர் வரும்.

களைக்கொல்லி அடித்தாலும் சாகாத நெல் என் உழைப்பு. மரபணுவை மாற்றி அதை உருவாக்கியதற்காக இன்றும் யார் முன்னாலும் தலைகுனிய மாட்டேன். அதன் மகரந்தம் வாய்க்கால் ஓரத்துக் காட்டு நெல்லில் விழுந்தது உண்மைதான். அந்தக் கலப்புச் செடியும் மருந்துக்கு மசியாமல் வாய்க்காலையே அடைத்துக்கொண்டது. கோரை போனது, தவளை போனது, தட்டான் போனது. ஊர்ப் பசிக்கு முன்னால் தட்டான் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

என் தம்பிக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவனுக்கும் எங்கள் ஆய்வகத்தில்தான் வேலை. செடி தேடி அலைபவன். கலப்பில்லாத காட்டு நெல் ஒரே ஒரு குட்டையில் மிஞ்சியிருந்ததைக் கண்டுபிடித்து, அது வற்றுவதற்குள் ஒரு பிடி விதை எடுத்து வந்தான்.

"அண்ணா, இனி எங்கயும் இல்ல. இது போனா போச்சு. இதைப் பெருக்குற வரைக்கும் நம்ம நெல்லை இந்தப் பக்கம் விடக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

"ஈரமா இருக்கே. குடு, நான் காயவெச்சுத் தரேன். நீ போய்ச் சாப்பிடு."

நீங்களே யோசித்துப் பாருங்கள். காப்பாற்ற ஒன்று இருந்தால்தானே தடை? அடுப்பின் சூட்டை ஏற்றினேன். விதையின் நிறம் மாறாத அளவுக்கு, உயிர் மட்டும் தங்காத அளவுக்கு. ஆறியதும் அதே டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

தொட்டிகளில் விதைத்துவிட்டுத் தினமும் குனிந்து குனிந்து பார்த்தான். ஒன்றும் தலைகாட்டவில்லை.

"என் கைராசியே சரியில்லண்ணா" என்று அழுதான்.

"தண்ணி ஜாஸ்தியா விட்டிருப்ப" என்றேன். தோளில் தட்டியும் கொடுத்தேன். தடை நீங்கியது. அதன்பிறகு அவன் விதை எதையும் தொடுவதில்லை.

இப்போது என் நெல் நோய் விழுந்து வயல் வயலாகக் கருகுகிறது. அந்த நோயை முந்தைய சோதனைகளில் தாங்கி நின்றது காட்டு நெல் ஒன்றுதான் என்று விதை கேட்டு வந்திருக்கிறீர்கள். விதை இல்லை. இனி வராது. அந்த இனத்தைக் கொன்றது நான்தான். மறுபடி அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். நோய்க்கு வேறு வழி பார்க்கலாம். எனக்குத் தெரியாத வேலையா?

ஒன்றே ஒன்று. தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் மனம் நோகும்படி இதுவரை நான் எதுவும் செய்ததில்லை.