உட்கார முடியாதவள்

மருத்துவர்களின் கையெழுத்தைப் படிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, மேடம். பழகினால் வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். கோழி கிளறிய மாதிரி எழுதிக் கொடுத்தாலும், என்ன மருந்து, எத்தனை வேளை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு சீட்டுக்குக்கூட மருந்தை மாற்றிக் கொடுத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி கணக்கு டீச்சர். போன வருடம் அவளுடைய அப்பா இறந்துபோனார். மூன்று வாரம் அழுதாள். தூக்கம் கெட்டது. ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், அப்பா கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். அப்பாவைப் பறிகொடுத்த யாருக்கும் அப்படித் தோன்றும். அது எனக்குத் தெரியும்.

அதே மாதம்தான் அவளுக்கு வேறு ஊரில் தலைமை ஆசிரியை வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. "நான் முதல்ல போய்ச் சேர்ந்துடறேன். நீங்க மெதுவா மாத்தல் வாங்கிட்டு வாங்க" என்றாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வேலை முடிந்து வந்து, நானே பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இவற்றை அடுத்தடுத்துச் சொல்கிறேனே தவிர, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். ஆனால் வாசலில் எப்போதும் அறுபது பேர் காத்திருப்பார்கள். ஆளுக்கு நான்கு நிமிடம். அவளிடம் "சாப்பிடறீங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டார். மற்றதெல்லாம் என்னிடம்தான். யாரோ கூப்பிடுகிற குரல் கேட்கிறதாம் என்றேன். "எங்கப்பா இப்பதான்..." என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குள் அவர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

சின்ன வெள்ளை மாத்திரை. பத்தாம் நாள் அவள் நடக்க ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கூடத்துக்கு. நின்றபடியே சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் நடந்துகொண்டே விடைத்தாள் திருத்தினாள். "உள்ளேர்ந்து யாரோ பிடிச்சுத் தள்ளற மாதிரி இருக்குங்க. உக்காந்தா தோலை உரிச்சுப் போட்டுட்டு ஓடணும்போல இருக்கு" என்றாள். ஒரே வாரத்தில் செருப்பு தேய்ந்துபோனது.

அந்த மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். இந்த மருந்தால் சிலருக்கு இருப்புக் கொள்ளாமல் போகும் என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நான் படித்திருக்கிறேன். டாக்டரும் படித்திருப்பார்.

அடுத்த முறை போனபோது, "ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கறா சார், பதட்டம் கூடிருச்சு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "இந்த மாத்திரைதான் டாக்டர் இப்படிப் பண்ணுது" என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுக் கோப்பில் எழுதினார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது: தனக்கு நோய் இருப்பதை உணரவில்லை. மாத்திரையின் அளவு இரட்டிப்பானது. அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் நோய் பேசுகிறது என்று ஆகிவிட்டது. அந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை, மேடம். எனக்கு முன்பே அங்கே இருந்தது. நோயாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும்தான் நான்.

அவள் நீண்ட விடுப்பு எடுத்தாள். புது வேலையில் சேரத் தவணை கேட்டு எழுதினாள். ஐந்து மாதம் கழித்து அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார், சின்ன வயது. என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு நாற்பது நிமிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதத்தில் அவள் உட்கார்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலை மடக்கிக்கொண்டு செய்தித்தாளை முழுசாகப் படித்து முடித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள். "அந்த வேலையை எனக்காக இன்னும் வச்சிருக்காங்களாம். அடுத்த வாரம் கிளம்பிடறேங்க" என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றேன்.

நோயாளிகள் திருப்பிக் கொடுத்த அதே வெள்ளை மாத்திரை அட்டைகள் கவுண்டர் இழுப்பறையில் கிடந்தன. மறுநாள் காலை அவளுடைய எலுமிச்சைச் சாற்றில் கலந்தேன்.

நான்காம் நாள் அவள் மறுபடி நடந்தாள். நடந்துகொண்டே யோசித்திருக்கிறாள். கணக்கு டீச்சர் இல்லையா. சமையலறைக் கதவைப் பிடித்து நின்று சொன்னாள்: "மாத்திரையை நிறுத்தி இத்தனை நாள் ஆச்சு. அப்ப இது மாத்திரையால வந்தது இல்லைங்க. எனக்கு நிஜமாவே பைத்தியம்தான். உங்களைத்தான் தப்பா நினைச்சுட்டேன்." வேலை வேண்டாம் என்று அவளே கடிதம் எழுதினாள். உறையின் மேல் முகவரியை நான் எழுதினேன்.

நோய் திரும்பிவிட்டது என்று அவளே சொல்லியும் அந்தப் பெண் டாக்டர் நம்பவில்லை. ஏழாம் மாதம், காரணம் சொல்லாமல் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நிறுத்திய மாத்திரை அதில் இருந்தது. அதனால்தான் நான் இந்த போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் இருக்கிறேன்.

ஏன் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். கலந்தது நான்தான். ஏழு மாதம், தினமும் காலையில், அந்த எலுமிச்சைச் சாற்றை என் கையாலேயே கொடுத்தேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் ஒரு நாளும் அவளைத் தனியாக நடக்க விட்டதில்லை. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கூடவே நடப்பேன். சுவர்வரை போய்த் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவள் என் கையைப் பிடித்து நடந்தது அந்த ஏழு மாதம்தான். வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள், மேடம். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் சொல்வாள்.