கம்பி தெரியாத காட்சி

"இந்தப் படத்துலயாவது என் மூஞ்சியக் காட்டுவியா, ஹில்மி?"

"எதுக்கு? முகமூடி உன்னைவிட அழகா இருக்கே."

"போடா. கேமராவப் பிடிச்சவனுக்குப் பொண்டாட்டி கண்ணுக்கே தெரிய மாட்டா போல."

ரொட்டியில் அவரை மசியலை அள்ளியபடி ஷாஹினாஸ் சிரித்தாள். விட்டுப் போக நினைக்கிறவள் அப்படிச் சிரிப்பாளா, ஐயா?

நான் ஒளிப்பதிவாளன். கெய்ரோவில் பறக்கும் வீராங்கனையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நாயகிக்குப் பதிலாகக் கம்பியில் தொங்கிப் பறந்தவள் என் மனைவி. உண்மையில் பறப்பது உடம்பு இல்லை, கேமராதான். தரையோடு வைத்து அண்ணாந்து எடுத்தால் ஒல்லிப் பெண்ணும் கோபுரமாக நிற்பாள். பிறகு கணினியில் கம்பியை அழித்து, அவள் முகமூடியின் மேல் நாயகியின் முகத்தை ஒட்டுவார்கள்.

முதுகில் பறக்கும் அங்கி கம்பியில் உரசினால் மட்டும் அழிப்பது கடினம். அதனால் கடைசிப் பாய்ச்சலுக்கு மெல்லிய கம்பி கேட்டேன். கம்பி கட்டும் மேஸ்திரி, உஸ்தா பக்ரி முறைத்தார்.

"இது பொம்மையத் தூக்குற கம்பிப்பா. இதுலயா பொண்டாட்டியத் தொங்கவிடுவ?"

அவர் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போனதும் நானே மாற்றினேன். காட்சியின் அழகுக்காகத்தான். கீழே விரித்த மெத்தையின் ஓரம் கேமராவில் தெரிந்தது. அதையும் தள்ளிப் போடச் சொன்னேன்.

படம் முடிந்ததும் விவாகரத்து வேண்டும், அலெக்சாந்திரியாவுக்குப் போகிறேன் என்று முந்தைய வாரம் அவள் சொல்லியிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"இந்தத் தடவை முகமூடி வேண்டாம்" என்றேன்.

"நிஜமாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநாளைக்குப் பிறகு.

கம்பி அறுந்ததும் எல்லோரும் ஓடினார்கள். நான் கேமராவை விட்டு நகரவில்லை. அவள் முகம் துளியும் கலங்காமல் பதிய வேண்டுமே. விழும்போது அவள் என்னைத்தான் பார்த்தாள்.

காட்சி திரையில் மிக மெதுவாக விரியும்படி கேமராவை அதிவேகத்தில் ஓட முன்பே அமைத்திருந்தேன். பாய்ச்சலுக்கு அந்த வேகம் தேவையில்லை என்று என் உதவியாளர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சரிதான். விழுவதற்குத்தான் அது தேவை.

அந்தப் பதிவு உங்கள் மேசையில் இருக்கிறது. இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததிலிருந்து அதன் மேல்தான் என் கண். ஒரே ஒரு தடவை பெரிய திரையில் போட்டுக் காட்டுங்கள், ஐயா. அவள் தரையைத் தொடுவதற்கு முன்னால் மட்டும் நிறுத்திவிடுங்கள். அவளுக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது.